வாட்டம்

கீழ்வீட்டு மக்சிக் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது கையில் ஒரு தட்டு குவே இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலான பழக்கம். பலகாரத்தைக் கொடுத்து, அம்மாவின் முட்டிவலியை விசாரித்து, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிய பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். அவருடைய குளியலறைக் கூரையில் கறை படிந்திருக்கிறது. நேரம் கிடைக்கும்போது வந்து ஒருமுறை பார்க்க முடியுமா?

அன்றைக்கே போனேன். கறை என்று அவர் சொன்னது மரியாதைக்கு. ஒரு பெரிய தோசை அளவுக்கு வண்ணப்பூச்சு உப்பி, நடுவில் சிமெண்டு உதிர்ந்து, உள்ளேயிருந்த கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அது வீங்க வீங்க, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துவிடும். மக்சிக் அதற்கு நேர்கீழே ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை வைத்திருந்தார். சொட்டும் தண்ணீர் எங்களுடையது. நான் சின்ன வயதிலிருந்து நின்று குளிக்கும் தரையை முதன்முதலாக அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுக்குமாடி வீட்டின் விசித்திரம் இது. ஒரே கான்கிரீட் பலகை, எனக்குத் தரை, அவருக்குக் கூரை. இப்படி ஒழுகினால் மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்றுதான் வீவக சொல்கிறது. பழுதுபார்க்கும் செலவில் பாதியைக் கழகம் ஏற்க, மீதிப் பாதியை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்ளும் உதவித்திட்டமும் உண்டு. ஆனால் அம்மா கேட்கவில்லை. "நம்ம குளிச்ச தண்ணிக்கு அவங்க எதுக்குக் காசு குடுக்கணும்? மொத்தமா ஒடச்சுப் புதுசாப் போடு" என்றார். சரி என்றேன். குளியலறைத் தரையில் ஓடு பதிப்பது என்றால் கடைக்குப் போய் ஓடு தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

குத்தகையாளர் அனுப்பிய ஆள் புதுக்கோட்டைக்காரர். சிங்கப்பூருக்கு வந்து பதினொரு வருடம். சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையைத் தட்டிப் பார்த்தார், பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுக் கதவோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வடிகுழிப் பக்கம் கொஞ்சம் போனது. பெரும்பகுதி எதிர்மூலைக்குப் போய்த் தேங்கி நின்றது.

"வாட்டம் செத்துப்போச்சுக்கா" என்றார்.

வாட்டம் என்ற சொல்லை நான் முகவாட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன். பயிர் வாடும், பூ வாடும். கொத்தனார்களிடம் அதற்கு வேறு அர்த்தம். தளத்தில் தண்ணீர் தானாக ஓடுவதற்காக வைக்கும் மெல்லிய சரிவுதான் வாட்டம். கண்ணுக்குத் தெரியக்கூடாது, காலுக்கும் தெரியக்கூடாது, தண்ணீருக்கு மட்டும் தெரிய வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதன் விளைவு.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உடைக்கத் தொடங்கினார்கள். சத்தம் வரும் வேலையை வார நாளில் ஒன்பதிலிருந்து ஐந்துக்குள் முடித்துவிட வேண்டும். முதலில் உடைந்தது 1996ல் அப்பா போட்ட பழுப்பு நிற ஓடு. அப்போது ஒரு குத்தகையாளர், பழைய தரையை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே ஒட்டிவிடலாம், செலவும் மிச்சம் சத்தமும் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது மகிழ்ச்சியான செய்தி. பழுப்பு ஓட்டுக்கு அடியில் அரை அங்குலச் சாந்து. அதற்கும் அடியில், நான் மறந்தே போயிருந்த 1979ஆம் ஆண்டுத் தரை, பொட்டுக்கடலைப் பாக்கெட் அளவுகூட இல்லாத சின்னச் சின்ன நீல வெள்ளை மொசைக் சில்லுகள். அங் மோ கியோவில் இந்த மூவறை வீட்டுக்குத் தாத்தா பாட்டி குடிவந்தபோது வீவகவே போட்டுக்கொடுத்த தரை அது. அதற்கு அடியில் சிமெண்டுச் சரிவு. அதற்கும் அடியில் கட்டடத்தின் எலும்பு.

"இத பாருங்கக்கா." மொசைக் தரையின் மேல் ரசமட்டத்தை வைத்தார். அதிலிருந்த குமிழி ஒரு பக்கமாக நகர்ந்து நின்றது. "பழைய ஆளு அழகா வாட்டம் வச்சிருக்கான். நாலு பக்கமும் குழிக்குத்தான் வருது. மேல ஒட்டுனவன் சாந்த மட்டமாப் பூசி அதக் கொன்னுட்டான்."

எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. சட்டென்று, கொஞ்சம் வலியோடு.

பாட்டி 2011ல் இறந்தார். கடைசிப் பதினைந்து வருடம் அவரைப் பற்றி வீட்டில் ஒரு கேலி இருந்தது. யார் குளித்துவிட்டு வந்தாலும் உள்ளே போய், தென்னை விளக்குமாற்றால் மூலையிலிருக்கும் தண்ணீரை வடிகுழிக்குத் தள்ளுவார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. 'பாட்டியோட டூட்டி' என்போம். சுத்தப் பைத்தியம், வயதாகிவிட்டது, பழைய குடியிருப்புக் கால வழக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. "தண்ணி தானாப் போகும் பாட்டி, விடுங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் தானாகப் போகவில்லை. 1996லிருந்து அந்தத் தரை செய்ய வேண்டிய வேலையைப் பாட்டி கையால் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவர் போன பிறகு விளக்குமாறு அம்மா கைக்கு வந்தது. அம்மா வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்ததால் ஏழெட்டு முறை இரண்டு முறையாகக் குறைந்தது. மீதி நேரம் மூலையில் நின்ற தண்ணீர்தான் மக்சிக்கின் டப்பாவில் சொட்டியது.

ஓடு தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பளபளக்கும் அந்த மேற்பரப்பு தடுக்கும். ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே அடைக்கும் சிமெண்டுப் பூச்சு ஒரு கடற்பஞ்சு. தேங்கி நிற்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். "மேல தெரியிற தண்ணி ஒண்ணு, உள்ள தெரியாத தண்ணி ஒண்ணுக்கா. ரெண்டுக்கும் வாட்டம் வைக்கணும்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அன்றிரவு பழைய புத்தகங்களைத் தேடிப்போனேன்.

மொகெஞ்சதாரோவின் பெருங்குளத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். 1920களில் தோண்டி எடுத்தது, ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நீளமும் அகலமும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். அதன் தரை தென்மேற்கு மூலையில் இருக்கும் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கிறது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. செங்கற்களைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்தால் இணைத்திருக்கிறார்கள். அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் யாரும் பார்க்க முடியாத இடத்தில் நிலக்கீல் பூச்சு ஒன்று. தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லைத் தாண்டித் தண்ணீர் எப்படியும் வரும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. கட்டி நாலாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்கு அந்தப் பெரிய குளத்தைவிட அங்கே இருந்த சாதாரண வீடுகள்தான் பிடித்தன. பல வீடுகளில் தெருச்சுவரை ஒட்டி ஒரு சின்னக் குளியல் மேடை. அதற்கான செங்கற்களை மட்டும் விளிம்பு தேய்த்துச் சீராக்கி, இடுக்கே தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். மேடை மூலையை நோக்கிச் சரியும். தண்ணீர் சுவரிலிருக்கும் துளை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். இடுக்கு குறைந்தால் உள்ளே போகும் தண்ணீர் குறையும், சரிவு இருந்தால் தேங்கும் தண்ணீர் குறையும். இதையேதான் புதுக்கோட்டைக்காரர் எங்கள் வீட்டில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நடுவில் மாறியது பொருள்தான். முறை பெரிதாக மாறவில்லை.

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் சுண்ணாம்பு செய்தது. அப்பாவின் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். சின்ன வயதில் ஒருமுறை போனபோது பழைய வீட்டு மொட்டைமாடியில் கோலிக்குண்டு விளையாடினோம். எங்கே விட்டாலும் குண்டு உருண்டு ஒரே மூலைக்குப் போகும். ஆட்டம் கெட்டுவிட்டது என்று எனக்குக் கோபம். அதுவும் வாட்டம்தான் என்பது இப்போது புரிகிறது. மெட்ராஸ் தளம் என்று பொறியியல் நூல்கள் சொல்லும் முறை அது. மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். தளம் அடிப்பது என்றே அதற்குப் பெயர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க, கலவை இறுகி நீர் புகாத ஒரே பாளமாகும். அதன் மேல்தான் தட்டோடு. மழை ஓட்டின் மேல் விழுந்தாலும் வீட்டைக் காப்பாற்றுவது ஓட்டுக்குக் கீழே இருப்பதுதான்.

இந்தச் சுண்ணாம்பு வித்தை சிங்கப்பூருக்கும் வந்தது. கொண்டுவந்தவர்கள் கைதிகள். 1825லிருந்து இந்தியக் கைதிகள் இங்கே அனுப்பப்பட்டார்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், சிராங்கூனில் செங்கல் சுட்டார்கள். இன்று சிட்டி ஹால் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. 1862ல் அர்ப்பணிக்கப்பட்டது. அவர்களை மேற்பார்வையிட்ட மெக்நேர் என்ற அதிகாரி 1899ல் வெளியிட்ட நூலில், உட்சுவர்ப் பூச்சின் செய்முறையைச் சமையல் குறிப்பு மாதிரி எழுதிவைத்திருக்கிறார். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கருப்பட்டி போன்ற கரடான சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர். அது சுவர்ப்பூச்சு, தரை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஈரக்காற்றில் சுவரைக் காப்பதும் தண்ணீரோடு போடும் சண்டைதான். மெக்நேரின் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. கல்லைப் பிடித்துத் தேய்த்தவர்களுக்குப் பெரும்பாலும் எண்தான். கைதிகள் சிறை 1873ல் மூடப்பட்டது. பூச்சு இருக்கிறது.

சிங்கப்பூரில் குளியலறையின் வரலாற்றை எழுதப் போனால் வெகுகாலம் எழுத ஒன்றுமில்லை. குளிப்பது கிணற்றடியில், குழாயடியில். கழிப்பது வாளியில். வாளிகளை இரவில் தூக்கிப்போக ஆட்கள். சிம்ப்சன் என்ற மருத்துவர் இந்த நகரத்தின் சுகாதாரத்தை ஆராய்ந்து 1907ல் ஓர் அறிக்கை கொடுத்தார். முதுகோடு முதுகு ஒட்டி நின்ற கடைவீடுகளுக்குப் பின்னால் சந்து வெட்ட வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும், குப்பையும் வாளியும் சமையற்கட்டு, கூடம் வழியாகப் போகாமல் பின்பக்கமாகப் போகும். லிட்டில் இந்தியாவில் சுவரோவியத்தின் முன் நின்று நாம் படம் எடுத்துக்கொள்கிற பின்சந்துகள் அந்த யோசனையின் மிச்சம். கடைசி வாளி எடுக்கப்பட்ட ஆண்டு 1987. நான் பிறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. எம்ஆர்டி முதல் ரயில் ஓடியதும் அதே ஆண்டுதான். ரயிலைப் பற்றிய கட்டுரைகள் நம்மிடம் நிறைய உண்டு.

தாத்தாவுக்கு நகராண்மையில் வேலை. மழைநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்யும் கூட்டத்தில் ஒருவர். வரிசை வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. குளிக்க இருந்தது ஒரு பொதுச் சிமெண்டுத் தரை, சுற்றிலும் இடுப்புயரச் சுவர், நடுவே தொட்டி. பாட்டி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பெண்கள் விடியலுக்கு முன்னால் போய்விடுவார்கள் என்பதும், ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவருக்காகத் தரையைத் தள்ளிக் காயவிட்டு வர வேண்டும் என்பதும் மட்டும் சொல்லியிருக்கிறார். பாசி பிடித்தால் வழுக்கும். மாசமாக இருந்த ஒரு பெண் அங்கே விழுந்த கதையைப் பாதி சொல்லி நிறுத்திவிடுவார்.

1960ல் வீவக வந்தது. அடுத்த ஆண்டே புக்கிட் ஹோ ஸ்வீயில் தீ. ஏறத்தாழ பதினாறாயிரம் பேர் வீடிழந்தார்கள். அவசரம் அவசரமாக வீடு கட்டிய காலம் அது. கழிப்பிடமும் சமையலிடமும் பொதுவாக இருந்த ஓரறை வீடுகள்கூடக் கட்டினார்கள். போகப்போக ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குளியலறை என்பது வழக்கமாயிற்று. சமையற்கட்டுக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன அறை, ஒன்றில் கழிப்பிடம், மற்றதில் குளியல். மூவறை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். 1979ல் குடிவந்த முதல் நாள் பாட்டி அந்தச் சின்ன அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஒரு மணிநேரம் வெளியே வரவில்லையாம். தாத்தா பயந்து கதவைத் தட்டியிருக்கிறார். "ஒண்ணுமில்ல, குளிக்கிறேன்" என்று பதில் வந்ததாம். நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாகத் தாழ் போட்டுக் குளித்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் சுதந்திரம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் கேட்கும்.

அந்த மொசைக் சில்லுகள் ஏன் அவ்வளவு சிறியவை என்பதற்கும் காரணம் இருக்கிறது. அழகுக்காக என்று நினைத்திருந்தேன். நாலு பக்கத்திலிருந்தும் நடுவே ஒரு குழிக்குச் சரியும் தரை உண்மையில் வளைந்த தரை. சின்னச் சில்லு அந்த வளைவோடு வளைந்து போகும். நான் கடையில் பார்த்து ஆசைப்பட்டது அறுபதுக்கு அறுபது சென்டிமீட்டர் சாம்பல் ஓடு. அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஹாலுக்குக்கா. இதப் போட்டா ஒண்ணு வாட்டம் போகும், இல்ல மூலைக்கு மூலை அறுத்துப் போடணும். ஆளு குளிக்கிற எடத்துக்குச் சின்னதுதான்."

தோற்றுப்போனேன். வாங்கியது பத்துக்குப் பத்து.

உடைத்து அள்ளியபின் மூன்று நாள் அந்த அறையில் எதுவும் ஒட்டப்படவில்லை. எனக்குப் பொறுமை போனது. குளிக்கவும் வழியில்லை. மக்சிக்தான், "எங்க வீட்டுல வந்து குளிங்க" என்று பிடிவாதமாகச் சொன்னார். எங்கள் தண்ணீர் ஓட்டை போட்ட கூரைக்குக் கீழே நின்று நானும் அம்மாவும் ஒன்பது நாள் குளித்தோம். டப்பாவை அவர் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்.

மேலே நடந்துகொண்டிருந்தது இது. கான்கிரீட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், தூசியை உறிஞ்சி எடுத்தார். தலைமுடி மாதிரி ஓடிய விரிசலை உளியால் அகலப்படுத்தி அடைத்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அடைப்பதற்காக ஏன் பெரிதாக்க வேண்டும்? மருந்து உள்ளே போக வேண்டாமா என்றார். வடிகுழாயைச் சுற்றி ஒரு வளையம் தோண்டிச் சுருங்காத சிமெண்டு ஊற்றினார். ஒழுகல் அதிகம் தொடங்கும் இடம் குழாயும் கான்கிரீட்டும் சேரும் அந்த விளிம்புதானாம். பிறகு தரையை நனைத்து, சிமெண்டுப் பால் தெளித்து, சரிவுக்கான சாந்து. ஒன்றுக்கு மூன்று மணல், தண்ணீர் கொஞ்சம்தான். கையில் பிடித்து அழுத்திக் காட்டினார். கொழுக்கட்டை மாதிரி உருவம் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது.

சாந்து கொட்டுவதற்கு முன்னால் புள்ளி வைத்தார். அறையின் நாலு மூலையிலும் கதவோரத்திலும் சின்னச் சின்ன சிமெண்டு உருண்டை, ஒவ்வொன்றின் உயரமும் வேறு. கதவோரம் உயரம், குழியோரம் தாழ்வு. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். இவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். அதிகமும் வைக்க முடியாது. சாந்தும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வீவக விதி, கட்டடம் சுமை தாங்க வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அவருடைய கலை முழுக்க இருந்தது. புள்ளியிலிருந்து புள்ளிக்குச் சட்டத்தை வைத்து இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடித்தபோது கோலம் போட்டு முடித்த மாதிரி பின்வாங்கியே வெளியே வந்தார்.

சிலர் நீர்த்தடுப்புப் பூச்சை நேராகக் கான்கிரீட்டின் மேல் மட்டமாக அடித்துவிட்டு, சரிவை அதற்கு மேல் வைப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும். இவர் அதற்கு ஒப்பவில்லை. உள்ளே போகும் தெரியாத தண்ணீர் பூச்சின் மேல் வந்து நிற்கும், பூச்சும் சரிந்திருந்தால்தான் அது குழிக்குப் போகும் என்பது அவர் வாதம். எனக்கு மொகெஞ்சதாரோவின் தார் நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை. காய்ந்த சரிவின் மேல் சுவரும் தரையும் சேரும் மூலைகளில் வலைத்துணி வைத்துப் பூசினார். முதல் பூச்சு நெடுக்கில், காய்ந்ததும் இரண்டாவது குறுக்கில். குளிக்கும் பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலும் ஏற்றினார்.

இப்போதெல்லாம் இந்த வேலை தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஓடு, குழாய், கண்ணாடி எல்லாம் பொருத்திய முழுக் குளியலறையும் ஒரு பெட்டியாக லோரியில் வந்து, கிரேனில் ஏறி இடத்தில் உட்கார்ந்துவிடும். அரசாங்கம் விற்கும் குடியிருப்பு நிலங்களில் 2014லிருந்து அது கட்டாயம். இன்னும் இருபது வருடத்தில் வாட்டம் வைக்கத் தெரிந்த கை பழைய வீடுகளுக்கு மட்டும் தேவைப்படும்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா அவரிடம் பேச்சுக் கொடுப்பார். ஊரில் வீடு கட்டியாகிவிட்டதாம். குளியலறை?

"நாந்தாம்மா லீவுல போயிப் போட்டேன். அட்டாச்டு. நாலு நாள்தான் அதுல குளிச்சேன், டிக்கெட் வந்துருச்சு."

இங்கே தங்குமிடத்தில் எப்படி என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அவர் சாதாரணமாகச் சொன்னார். காலையில் ஐந்து மணிக்கு லோரி. அதற்கு முன்னால் குளிக்க வேண்டுமென்றால் நாலுக்கு எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். அதனால் ராத்திரியே குளித்துவிட்டுப் படுப்பார். பழைய விதிப்படி பதினைந்து கட்டிலுக்கு ஒரு குளியலறை இருந்தால் போதும். 2020ல் கொவிட் தங்குவிடுதிகளில் பரவி, ஆயிரமாயிரம் பேர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த பிறகு விதி மாறியது. புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஆறு பேருக்கு ஒன்று, அதுவும் அறையோடு சேர்ந்து இருக்க வேண்டும். அவர் இருப்பது பழைய விடுதி.

"தரை எப்டி இருக்கும்?" அம்மா கேட்டார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கேள்வி வரும்.

"வாட்டமே இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். "நாங்களே தள்ளி விட்டுக்குவோம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் ரசப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

ஏழாம் நாள் வடிகுழியை அடைத்து, தரை முழுக்க இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிரப்பினார். இருபத்து நாலு மணிநேரம் அப்படியே நிற்க வேண்டும். தண்ணீரின் விளிம்பைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் குறித்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை கைப்பேசி வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்தேன். சாம்பல் நிறப் பூச்சின் மேல் தண்ணீர் அசையாமல் நின்றது. மறுநாள் கீழே போனபோது மக்சிக் நாற்காலி போட்டு ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. இறங்குங்கள் என்று கெஞ்சினேன். இறங்கி உள்ளங்கையைக் காட்டினார். "கெரிங்" என்றார். காய்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஓடு பதித்தது ஒரே நாள் வேலை. அதைப் பற்றி எழுத எனக்கு எதுவுமில்லை.

மாலை ஐந்தரைக்கு இடுக்குகளை அடைத்து, ஈரத்துணியால் துடைத்து முடித்தார். கழுத்து, காது, இமை எல்லாம் சிமெண்டுத் தூள். அம்மா உள்ளேயிருந்து புதுத் துண்டும் சோப்பும் கொண்டுவந்து, "குளிச்சிட்டுப் போப்பா" என்றார்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் தண்ணி படக்கூடாதும்மா. நான் போட்டத நானே கெடுக்கவா?" என்று சிரித்தார். சமையற்கட்டுத் தொட்டியில் முகமும் கையும் மட்டும் கழுவிக்கொண்டார். கீழே லோரி வந்து நின்றது. தாழ்வாரத்திலிருந்து பார்த்தேன், பின்பக்கம் ஏறி மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் முதலில் குளித்தது நான். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா பாட்டியின் விளக்குமாற்றோடு கதவோரம் காத்திருந்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தரையில் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை. அம்மா விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.